பாம்பன் பாலத்தை நான் பார்க்கவில்லை

பிப்ரவரி 8, ஞாயிறு

கல்யாண நாளுக்கு எங்காவது வெளியூர் போகலாம் என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டு, தப்பாக ஏதோ சொல்லிவிட்டவர் போல டீவி சத்தத்தைக் குறைத்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து போன இடம் என்று பார்த்தால் ஆஸ்பத்திரிதான். பல்லாவரத்திலிருந்து அடையாறு. அதையும் பயணம் என்று சொல்லலாம் என்றால் நாங்கள் உலகம் சுற்றியவர்கள்.

"கோயில் இல்லாத ஊரா பார்த்துச் சொல்லுங்க," என்றேன்.

சமையலறையில் இருந்த அத்தைக்கு, அதாவது இவருடைய அம்மாவுக்கு, கோயில் என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்துவிட்டது. கரண்டியோடு வந்து நின்றார். நான் கொடைக்கானல் என்றேன். வழியிலதான பழனி, என்றார். கன்னியாகுமரி என்றேன். நாகர்கோயில்ல நாகராஜாவுக்குப் பால் ஊத்தினா பிள்ளை நிச்சயம், என்றார். சரி, இதற்கு என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று வேளாங்கண்ணி என்றேன். "மாதா குடுக்காத பிள்ளையா?" என்று கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்தத் தமிழ்நாட்டில் பிள்ளை வரம் தராத சாமி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாரும் சேர்ந்து எங்கள் வீட்டை மட்டும் எப்படித் தவறவிட்டார்கள் என்று தெரியவில்லை.

கடைசியில் ராமேஸ்வரம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அத்தை. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி வந்த பிறகு பிறந்தவர் என்பதால்தான் இவருக்குச் சேதுராமன் என்று பெயர். அதை எதிர்த்து என்ன பேசுவது? சாட்சியே சோபாவில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருக்கிறதே.

பிப்ரவரி 10, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். ஒரு கண்ணாடியைப் போட்டு "இது தெளிவா இருக்கா?", அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு "இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் வேலை. போனில் அந்தப் பெண்ணும் அதையேதான் கேட்டாள்.

எங்களுடைய கரு ஒன்று அங்கே மிச்சம் இருக்கிறது. போன வருஷம் உருவாக்கியதில் உறைய வைத்தது. அதை வைத்து இன்னொரு தடவை பார்ப்பதா, இல்லை விட்டுவிடுவதா என்று மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். "சாரோட பேசிட்டு சொல்லுங்க மேடம்," என்றாள்.

எனக்குப் போதும். இதோ எழுதிவிட்டேன். இனிமேல் என்னால் ஊசி போட்டுக்கொள்ள முடியாது. தொடையில் இடமில்லை. ரத்தப் பரிசோதனைக்காக, கரு வைத்த பதினான்காம் நாள் காலையில் பல் விளக்காமல் ஆட்டோவில் உட்கார்ந்து போகிற அந்தப் போக்குக்கு உடம்பில் தெம்பில்லை. ஒவ்வொரு தடவையும் பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டது இவரும் அத்தையும்தான், நான் சரி சரி என்று கூடப் போனேன். இவர் முகத்தைப் பார்த்து "போதும்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ரயிலில் சொல்லிவிடுவேன். ரயிலில் அவர் எழுந்து போக முடியாது.

இரவு வெண்டைக்காய்ப் பொரியல். அத்தைக்கு உப்பு போதவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

என் கல்யாண நாளுக்குக் கடையில் முன்கூட்டியே கேக் வெட்டினார்கள். அன்னாசி கேக். நான் சாப்பிடவில்லை. கூட வேலை பார்க்கிற வள்ளிநாயகி, "போன மாசம் என் பிறந்த நாளுக்கு ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்னியேக்கா," என்றாள். இப்போது பிடிக்கவில்லை என்றேன். மனுஷிக்கு ருசி மாறக்கூடாதா?

தேதி தள்ளிப்போயிருக்கிறது. அவ்வளவு ஊசி போட்டால் உடம்புக்குக் கணக்கு மறந்துதான் போகும். டாக்டரே சொல்லியிருக்கிறார். இதில் எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அத்தை மோர்மிளகாய் போட்டார். தாம்பாளத்தை மொட்டைமாடிக்கு நான் தூக்கவில்லை. முதுகு வலி என்றேன். இவர் தூக்கிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மருந்துக்கடைக்குப் போனேன். பற்பசை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர், "வேற எதுவும்?" என்று கேட்டார். எனக்கு என்னென்ன தேவைப்படும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் இல்லை என்றேன். ஊருக்குப் போகிற நேரத்தில் அந்த அட்டையை வாங்கி, விடியற்காலையில் பாத்ரூமில் உட்கார்ந்து, இரண்டாவது கோடு வருமா வருமா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். பார்க்காதவரைக்கும் ஒன்றும் இல்லைதானே.

பெட்டி கட்டியாயிற்று. தீர்த்தமாடுவதற்கு எனக்கு இரண்டு பழைய புடவை, இவருக்கு இரண்டு வேட்டி, மேலே அத்தையின் உத்தரவுகள். முதலில் கடல், பிறகு கோயிலுக்குள் இருக்கிற தீர்த்தம் அத்தனையும், பிறகு துணி மாற்றிக்கொண்டு சாமி. ஈரத்தோடு சாமி பார்க்கக்கூடாது. நாக்கில் பச்சைத் தண்ணீர் படுவதற்குள் போன் செய்ய வேண்டும்.

"நீங்களும் வாங்க அத்தை," என்றேன்.

"கல்யாண நாளுக்குப் போறீங்க, நடுவுல நான் எதுக்கு?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டு எல்லாவற்றையும் முடித்திருப்பேன்.

பிப்ரவரி 19, வியாழன். ரயிலில்

தாம்பரத்தில் ஏறினோம். ஸ்லீப்பர் கோச். எனக்கு லோயர், இவருக்கு அதற்கு மேலே மிடில். ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு பெரியவர் வந்துவிட்டார். அப்பர் பெர்த் டிக்கெட், முழங்காலில் ஆபரேஷன்.

"நீ மேல ஏறிக்கிறியாம்மா? எனக்கு இது ஒத்துக்காது," என்றார்.

வழக்கமாக நான் இப்படிக் கேட்கும் முன்பே எழுந்து கொடுத்துவிடுகிற ஆள். இன்றைக்கு, "இல்லைங்க, எனக்கு முதுகு வலி, ஏற முடியாது," என்று சொல்லிவிட்டேன். எதிர் சீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயசுப் பொண்ணு," என்று ஜன்னலிடம் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. இருந்தும் எழுந்திருக்கவில்லை. ஏணியில் கால் வைத்து வழுக்கிவிட்டால்? யாருக்கு வேண்டுமானாலும் வழுக்கலாம்.

இவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "பெரியவரே, நீங்க மிடில்ல படுத்துக்கங்க, நான் அப்பருக்குப் போறேன். பிடிச்சு ஏத்தி விடறேன்," என்றார். ஏன் எழுந்து கொடுக்கவில்லை என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி சாப்பிட்டோம். பேச இதுதான் நேரம் என்று மனதுக்குள் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன். "ஏங்க," என்று ஆரம்பித்தேன். இவர் போன் அடித்தது.

இவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. வேளச்சேரியில் ஏதோ அடுக்குமாடியில் கரண்ட் போய், ஒரு அம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஆள் போய்ச் சேரும்வரை இவர் போனில் பேச வேண்டும். உள்ளே இருப்பவர்களைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் தொழிலில் முதல் பாடமாம். மனுஷன் பேசாமல் போனால்தான் பயம் ஏறும் என்பார்.

"அம்மா, கதவுல சாயாதீங்க. லிஃப்ட் கீழ விழாது, அப்படியெல்லாம் சினிமாவுலதான். உங்க பேரு என்னம்மா? மங்கையர்க்கரசியா, எங்க பெரியம்மா பேரு. இன்னைக்கு என்ன சமையல்? காரக்குழம்பா? எங்க வீட்ல இட்லி. ஆமா, ரயில்லதான் இருக்கேன். கல்யாண நாள்ங்க. அட, நன்றிம்மா."

செங்கல்பட்டு தாண்டி மேல்மருவத்தூர் வரைக்கும் பேசினார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் காரக்குழம்புக்குச் சுண்டைக்காயா கத்திரிக்காயா என்று கேட்கத் தெரிந்த மனுஷன், ஒவ்வொரு தடவை ரிசல்ட் வந்த அன்றும் என்னிடம் "தண்ணி வேணுமா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. நானும் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

கதவு திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார், போனுக்கு. "என்னமோ சொல்ல வந்தியே?" என்றார்.

"ஒண்ணுமில்ல, தூங்குங்க," என்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி. ராமேஸ்வரம்

இன்றைக்கு எங்கள் கல்யாண நாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ராமநாதபுரம் தாண்டியதும் ரயிலே எழுந்துவிட்டது. பாம்பன் பாலம் பார்க்க வேண்டுமென்று எல்லாரும் வாசலுக்கும் ஜன்னலுக்கும் முண்டியடித்தார்கள். பல் விளக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி நான் கழிப்பறைக்குப் போனேன்.

வந்துவிட்டது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. இனி தள்ளிப்போனது, உடம்புக் கணக்கு என்றெல்லாம் எழுத ஒன்றும் இல்லை.

தாழ்ப்பாளைப் போட்டபடியே நின்றேன். அழக்கூடாது என்று நினைத்தேன். ஏன் அழ வேண்டும்? போதும் என்று முடிவு செய்தவள்தானே நான்? ஆனாலும் அந்த நாற்றத்தில், அந்த ஆட்டத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன். கன்னியாகுமரி என்றும் கொடைக்கானல் என்றும் பேசிக்கொண்டிருந்த நாளிலிருந்தே நான் மனதுக்குள் ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தேன். ஊசி இல்லாமல், டாக்டர் இல்லாமல், தானாகவே ஒன்று வந்துவிட்டது, அது இப்போது என்னோடு ரயிலில் வருகிறது என்று. இத்தனை நாளாக இந்த டைரியில்கூட அதை எழுதவில்லை. எழுதினால் ஓடிவிடும் என்று பயம்.

கதவைத் தட்டினார். "வளரு, பாலம் வரப்போகுது. வா."

நான் பதில் சொல்லவில்லை. குரல் வந்தால் தெரிந்துவிடும்.

மறுபடி தட்டினார். கைப்பிடியை இரண்டு தடவை அசைத்தார். "என்னாச்சு, தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சா?"

"ம்," என்றேன். அந்த நேரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அவ்வளவுதான், இவர் குரல் மாறிவிட்டது. நேற்று மங்கையர்க்கரசியிடம் பேசிய குரல். "சரி, பதட்டப்படாத. கதவுல சாயாத. கீழ தண்ணியா இருக்கா?"

"கொஞ்சம்."

"கம்பியைப் பிடிச்சுக்க. காத்து வருதா?"

"வருது."

"அப்ப ஒண்ணும் அவசரமில்ல. நான் இங்கயேதான் நிக்கறேன்."

யாரோ ஒருவர் கார்டைக் கூப்பிடலாமா என்று கேட்டார். "அதெல்லாம் வேணாம் சார், இது என் வேலைதான். நீங்க போய் பாலம் பாருங்க," என்று இவர் அனுப்பிவிட்டார். பேன்ட் பையில் எப்போதும் இருக்கிற ஸ்க்ரூ டிரைவரை எடுத்திருப்பார். போன் வெளிச்சம் கதவிடுக்கில் மேலும் கீழும் நகர்ந்தது. தாழ்ப்பாளருகே வந்ததும் அப்படியே நின்றது.

எத்தனை பூட்டு, எத்தனை கதவு பார்த்தவர். மாட்டிக்கொண்ட தாழ்ப்பாளுக்கும் மாட்டாத தாழ்ப்பாளுக்கும் வித்தியாசம் தெரியாதா?

வெளிச்சம் அணைந்தது. ரயில் சத்தம் மாறியது. பாலத்தில் ஏறிவிட்டோம். வாசல் பக்கம் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள்.

"வளரு," என்றார். உதட்டைக் கதவோடு ஒட்டி வைத்துப் பேசுகிறார் என்று தெரிந்தது. "வந்துருச்சா?"

நான் இவரிடம் தேதி தள்ளிப்போனதைச் சொல்லவே இல்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பெரியவருக்கு நீ சீட்டுக் குடுக்கலையே. மோர்மிளகாய்த் தாம்பாளம் தூக்கலையே. நான் உன்கூடத்தான இருக்கேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா போயிடுமோன்னு. நானும் மனசுக்குள்ளயே வெச்சிருந்தேன். பேர் வரைக்கும் போயிட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஆளுக்கொரு பிள்ளையைத் தனித்தனியாக ஒளித்து வைத்திருக்கிறோம். இப்படியும் ஒரு தம்பதி உண்டா?

"எனக்குப் போதும்ங்க," என்றேன். கதவைப் பார்த்துச் சொன்னேன். கதவாக இருந்ததால்தான் சொல்ல முடிந்தது. "அங்க இருக்கிற அந்த ஒண்ணும் வேண்டாம். என்னால முடியல. உடம்பைச் சொல்லல, மனசைச் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு கக்கூஸ்ல நின்னு தெரிஞ்சுக்க என்னால முடியல."

சக்கரச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. "சரி," என்றார் கடைசியில்.

"என்ன சரி? வேணும்னு நீங்கதான ஆசைப்பட்டீங்க?"

"ஆசைதான். இல்லைன்னு சொன்னா பொய். ஆனா ஊசி உனக்குத்தான வளரு. போடுன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? வேணாம்னு நான் சொல்லி, நாளைக்கு நீ ஏன் சொன்னீங்கன்னு கேட்டா, அப்ப நான் எங்க போவேன்? ரெண்டையும் சொல்ல வாய் வரல. அதான் தண்ணி வேணுமான்னு கேட்டுட்டே இருந்தேன்."

நான் அழுததைவிட இவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. பாலம் முடிந்தது, ரயில் சத்தம் பழையபடி ஆயிற்று. முகத்தைக் கழுவிக்கொண்டு தாழ்ப்பாளை விலக்கினேன். சாதாரணமாகத் திறந்தது. வாசலில் அந்த எதிர் சீட்டு அம்மாள், "திறந்துட்டாரா? நல்ல கைராசிக்காரர்தான் உன் வீட்டுக்காரர்," என்றார்.

லாட்ஜில் படுத்தே இருந்தேன். இந்த நிலைமையில் நான் தீர்த்தமாடவும் முடியாது, கோயிலுக்குள் போகவும் முடியாது. பிள்ளை வரம் கேட்க இத்தனை தூரம் வந்தவளைச் சாமியே வாசலில் நிறுத்திவிட்டார். இவரிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கும் வந்தது. சிரித்துவிட்டு இரண்டு பேரும் பயந்துபோய் போனைப் பார்த்தோம்.

பத்து மணிக்கெல்லாம் அத்தை கூப்பிட்டுவிட்டார். இவர் ஸ்பீக்கரில் போட்டார். "குளிச்சாச்சா? நல்லபடியா முடிஞ்சுதா?"

உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கையைக் காட்டினேன். இவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"இல்லம்மா. கோயிலுக்குப் போகல. வளருக்குத் தூரம். ஆஸ்பத்திரிக்கும் இனிமே போகலம்மா. நாங்க ரெண்டு பேரும் பேசிட்டோம். போதும்."

"அந்தச் சாமி குடுத்த பிள்ளைடா நீ," என்றார் அத்தை. குரல் உடைந்திருந்தது. "அந்த ஊர்ல நின்னுக்கிட்டு இப்படிப் பேசுறியா?"

"சாமிமேல எனக்கு வருத்தம் இல்லம்மா. உன்மேலயும் இல்ல. அவளால முடியல. எனக்கு அவ வேணும்."

போன் வைக்கப்பட்டது.

அம்மாவிடம் குரலை உயர்த்திக்கூடப் பேசாத மனுஷன். பேசி முடித்து ஃபேனைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். கேட்டதும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இனிமேல் இல்லை என்று வேறொருவர் வாயால் கேட்டபோது வயிற்றில் இருந்து எதையோ பிடுங்கியது போல இருந்தது. எனக்கும் வேண்டும்தான். இவருக்காக, அத்தைக்காக என்று நான் எழுதியதெல்லாம் சும்மா. எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகமாக வேண்டும். அதனால்தான் முடியவில்லை.

மாலையில் அத்தை மறுபடி கூப்பிட்டார். கோயில் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவளுக்குச் சூடா ஏதாவது வாங்கிக் குடுத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பிப்ரவரி 21, சனி

கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே கடலில் அலையே இல்லை, குளம் போலக் கிடக்கிறது. பேசுவதற்கு விஷயம் தேடினோம். பிள்ளை, ஆஸ்பத்திரி, மாத்திரை நேரம் இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் எங்களிடம் பேச ஒன்றுமே இல்லை. இவர் லிஃப்ட் கயிறு எப்படிப் பின்னுவார்கள் என்று சொன்னார். கேட்டேன். சாயங்காலம் ரயில்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வீடு. அத்தை வெந்நீர் போட்டு வைத்திருந்தார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மதியம் சோறு போடும்போது, "வேண்டிக்கிட்டது நான். நானே போய் முடிச்சுட்டு வரேன். சாமிக்கு மிச்சம் வைக்கக்கூடாது," என்றார். அருப்புக்கோட்டையில் இருக்கிற மகளோடு அடுத்த மாதம் போகிறாராம். என் தட்டில் இரண்டாவது தடவை ரசம் ஊற்றினார். நான் கேட்கவில்லை, அவராகவே ஊற்றினார். எனக்கு அழுகை வந்தது, ரசம் காரம் என்றேன்.

துணி துவைக்க ஏகப்பட்டது. உடுத்தாத புடவைகளையும் துவைத்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யவில்லை. கடையில் கூட்டம்.

பிப்ரவரி 25, புதன்

இன்றைக்குக் கூட்டம் இல்லை. இன்றைக்கும் செய்யவில்லை. இவர் கேட்கவில்லை. ராத்திரி படுக்கும்போது, "மனசு மாறினாலும் சரிதான் வளரு. நான் அம்மாகிட்ட சொன்னதை நினைச்சுப் பயப்படாத," என்றார். மாறவில்லை. ஆனால் அந்த எண்ணை அழுத்தக் கை வரவில்லை. நான் போன் செய்யாதவரைக்கும் அது அங்கே இருக்கும்.

பிப்ரவரி 26, வியாழன்

அவர்களே கூப்பிட்டார்கள். சனிக்கிழமை இரண்டு பேரும் வரச் சொன்னார்கள். "என்ன முடிவு மேடம்?" என்று கேட்டாள். சொன்னேன். "ஓகே மேடம்," என்றாள். டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

பிப்ரவரி 28, சனி

போய்விட்டு வந்துவிட்டோம்.

டாக்டர் நல்லவர். வற்புறுத்தவில்லை. இருவரும் யோசித்துத்தானே முடிவு செய்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டார். அந்த ஒன்றை விட்டுவிடச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டோம். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்காகக் காத்திருந்த இடம், இன்றைக்கு உட்கார்ந்த நாற்காலி சூடாகும் முன்பே வேலை முடிந்துவிட்டது. வெளியே வந்தோம். நல்ல வெயில்.

இவர் வண்டியை எடுத்தார். ஹெல்மெட் போட்டார், சாவி போட்டார், வண்டியைக் கிளப்பவில்லை. நான் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இவர் முதுகு குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். இறங்கி முன்னால் வந்து பார்த்தால், ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதுகொண்டிருந்தார். கண்ணாடி முழுக்க ஆவி. கழற்றிவிட்டேன். அப்படியே வண்டியை விட்டு இறங்கி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தவர், ரோடு என்றும் பாராமல் வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இவர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. என்னைத் தாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அடக்கி வைத்திருக்கிறார், பைத்தியக்கார மனுஷன். நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன்.

எதிரே டீக்கடை. அதை நடத்துகிற அம்மாள் எழுந்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கடை போட்டிருப்பவர், இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். ஒரு சொம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்தார்.

"யாரு கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். "பெரியவங்களா?"

"இல்லம்மா," என்றேன். "எங்க பிள்ளை."

இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. கரு என்றோம், ரிசல்ட் என்றோம், அது என்றோம், அந்த ஒன்று என்றோம். வாயிலிருந்து வந்ததும் இவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நானும் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அய்யோ சாமி," என்று அந்த அம்மாள் என் தலையில் கை வைத்தார். "எத்தன வயசும்மா?"

"ரொம்பச் சின்னதும்மா," என்றேன்.

அவர் கடையிலிருந்து இரண்டு ஸ்டூல்களைக் கொண்டுவந்து நிழலில் போட்டு, எங்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். டீ வந்தது. ஆறும்வரை அழுதோம். பிறகு குடித்தோம்.